ஏர்போர்ட்டில் உங்களை நிறுத்துவது யார்?
முதல் முறை வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் வழியனுப்ப வருகிறவர்களுக்கும் ஒரு பாடம்

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி 11 மணி இருக்கும், ஊரில் இருந்து பெரியம்மா போன் பண்ணினார். "பாப்பா, தம்பியை ஏர்போர்ட்டுல நிறுத்தி வச்சிருக்காங்களாம். நீ கவர்மென்ட்டுலதானே இருக்க, யார்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லேன்."

நான் இருப்பது செய்தித் துறையில். கட்டுரை எழுதுவதும், அறிவிப்புகளைப் புரிகிற தமிழில் மாற்றுவதும்தான் என் வேலை. அதைப் பெரியம்மாவுக்கு அந்த நேரத்தில் விளக்க முடியவில்லை. "யார் நிறுத்தினாங்க பெரியம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஏர்போர்ட்டுக்காரங்கதான். வேற யாரு?"

தம்பி அந்த ராத்திரி விமானம் ஏறவில்லை. காலையில் பையோடு என் அறைக்கு வந்து படுத்தவன் சாயங்காலம் வரை எழுந்திரிக்கவே இல்லை. ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்தில் பாதி, பெரியம்மாவின் நகையை அடகு வைத்தது.

பிறகுதான் இதைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். முதலில் புரிந்த விஷயம் இது: "ஏர்போர்ட்டுக்காரங்க" என்று யாருமே கிடையாது. அந்தக் கட்டடத்துக்குள்ளே ஆளுக்கொரு அதிகாரம் வைத்திருக்கும் பல பேர் இருக்கிறார்கள். உங்களை நிறுத்தியது யார் என்று தெரிந்தால்தான், என்ன குறை, அதை எங்கே சரிசெய்வது என்று தெரியும். பெரும்பாலான சிக்கல்களை ஏர்போர்ட்டுக்குள்ளே சரிசெய்யவே முடியாது. ஊரில் இருக்கும்போதே செய்திருக்க வேண்டியவை அவை.

ஒரே கட்டடம், பல வாசல்

சென்னை விமான நிலையத்தை எடுத்துக்கொள்வோம். மீனம்பாக்கம், திரிசூலம் என்று எப்படிச் சொன்னாலும் ஒரே இடம்தான். 1932-ல் கராச்சியில் கிளம்பிய டாடாவின் தபால் விமானச் சேவைக்கு மெட்ராஸ்தான் கடைசி நிறுத்தம். ஊர் பெயர் 1996-ல் சென்னை ஆகிவிட்டது. ஆனால் உங்கள் பெட்டியில் ஒட்டும் சீட்டில் இன்றைக்கும் 'எம்.ஏ.ஏ.' என்று பழைய மெட்ராஸின் அடையாளம்தான் இருக்கும். வெளிநாட்டு விமானங்களுக்கான புதிய முனையம் 2023 ஏப்ரல் 8-ந் தேதி திறக்கப்பட்டது. கோலம், புடவை, கோயில் என்று நம்ம ஊர் அடையாளங்களை வைத்து அலங்காரம் செய்திருக்கிறார்கள். முதல் முறை போகிறவர்கள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்தக் கட்டடத்தையும் ஓடுபாதையையும் நடத்துவது ஒன்றிய அரசின் இந்திய விமான நிலையங்கள் ஆணையம். டிராலி, கழிவறை, ஏ.சி., தகவல் பலகை எல்லாம் அவர்கள் பொறுப்பு. வாசலில் துப்பாக்கியோடு நின்று டிக்கெட்டும் அடையாள அட்டையும் பார்ப்பவர்கள் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர். உள்ளே பையை ஸ்கேன் செய்து உடம்பைச் சோதிப்பதும் அவர்கள்தான். பெட்டியை எடை போட்டு போர்டிங் பாஸ் தருவது விமான நிறுவனம். அது தனியார் கம்பெனியாகவும் இருக்கலாம். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் குடியேற்ற அலுவலகம், அதாவது இமிக்ரேஷன். பொருளுக்கும் தங்கத்துக்கும் கணக்குக் கேட்பது சுங்கத் துறை. அது நிதி அமைச்சகத்தின் கீழ் வருகிறது.

இத்தனை பேரில் யாரும் அடுத்தவர் முடிவை மாற்ற முடியாது. இமிக்ரேஷனில் நிறுத்தப்பட்டவர் விமான நிறுவனத்தின் கவுன்டரில் போய் அழுது பயனில்லை. எடை கூடிப்போனதற்குப் பாதுகாப்புப் படையினரிடம் முறையிட முடியாது. தம்பி அன்றைக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தான். ஒன்றரை மணி நேரம் கவுன்டர் கவுன்டராக அலைந்திருக்கிறான்.

மாநில அரசு எங்கே வருகிறது என்று கேட்பீங்க. பாஸ்போர்ட்டோ பணமோ திருடுபோனால் போகவேண்டிய விமான நிலையக் காவல் நிலையம் தமிழ்நாடு காவல் துறையுடையது. போகும் முன்பும் போன பின்பும் உதவ அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தேதியைச் சரியாப் பாருங்க

சிரிக்காமல் படிங்க: டிக்கெட் இருந்தும் விமானத்தைத் தவறவிடுவதற்கு ஒரு பெரிய காரணம், தேதி குழப்பம். சென்னையிலிருந்து வெளிநாடு போகிற விமானங்களில் நிறைய நள்ளிரவுக்கு மேல் கிளம்புபவை. டிக்கெட்டில் 15-ந் தேதி 00.40 என்று இருந்தால், நீங்க ஏர்போர்ட்டுக்கு வரவேண்டியது 14-ந் தேதி ராத்திரி 9 மணிக்கு. 15-ந் தேதி காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, சொந்தபந்தத்தோடு வேன் பிடித்துக் கிளம்பினால், விமானம் போய்ப் பல மணி நேரம் ஆகியிருக்கும். டிக்கெட்டைப் பார்த்ததும் "எந்த ராத்திரி?" என்று வீட்டில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

தென் மாவட்டங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இப்போது கடைசி நிறுத்தம் கிளாம்பாக்கம். ஏர்போர்ட் அதைத் தாண்டி சென்னைப் பக்கம், அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிறது. கோயம்பேடு போய்த் திரும்பி வரத் தேவையில்லை. மின்சார ரயிலில் வந்தால் திரிசூலத்தில் இறங்குங்கள். ஸ்டேஷனும் ஏர்போர்ட்டும் எதிரெதிர். மெட்ரோ ரயில் ஏர்போர்ட் வாசலுக்கே வரும். ஆனால் நடுராத்திரியில் ஓடாது. டாக்ஸியில் வந்தால் "இன்டர்நேஷனல், டி-2, டிபார்ச்சர்" என்று டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். டி-1, டி-4 இரண்டும் உள்நாட்டு விமானங்களுக்கு. தவறிப் போய்விட்டாலும் பதறவேண்டாம், எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான். பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிற கஷ்டம்தான்.

விமானம் கிளம்பும் நேரத்துக்கு 3 மணி நேரம் முன்னாடி உள்ளே இருங்கள். போர்டிங் பாஸ் கவுன்டரைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். மூடிய பிறகு யார் சிபாரிசும் செல்லாது.

இன்னொரு விஷயம். டிக்கெட்டை ஏஜென்ட் எடுத்துக் கொடுத்திருந்தால், அதில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்று பாருங்க. பல டிக்கெட்டுகளில் ஏஜென்டின் நம்பர்தான் இருக்கும். விமானம் தாமதம், ரத்து என்று வரும் குறுஞ்செய்தி எல்லாம் அவருக்குப் போகும்; அவர் தூங்கிக்கொண்டிருப்பார். சென்னையில் இது சின்ன விஷயம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த விமான நிலையம் பல நாள் மூடிக்கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்களை இயக்கினார்கள். 2023-ல் மிக்ஜாம் புயல், 2024-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோதும் மூடினார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பயணம் என்றால், உங்கள் நம்பரைப் பயணச்சீட்டில் சேர்க்கச் சொல்லி விமான நிறுவனத்திடமே கேளுங்கள்.

பெட்டிக்குள்ளே அம்மா வைத்தது

இதில் நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. கையில் கொண்டுபோகிற பையில் தண்ணீர், எண்ணெய், ஊறுகாய், கத்தி, கத்தரிக்கோல் வேண்டாம். பவர் பேங்க் மட்டும் அதற்கு நேர் எதிர். அது கைப்பையில்தான் இருக்கணும், பெரிய பெட்டியில் போடக்கூடாது. கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் பெட்டியில் போட அனுமதி இல்லை.

ஆனால் ஒரே ஒரு பொருளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கசகசா. நம்ம வீட்டில் குருமாவுக்குப் போடுகிற சாதாரணச் சாமான். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா போன்ற நாடுகளில் அது போதைப்பொருள் பட்டியலோடு சேர்ந்தது. மசாலாப் பொட்டலத்தோடு கலந்து போய், அங்கே இறங்கியதும் வழக்கில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள். வலி மாத்திரை, தூக்க மாத்திரை, சில இருமல் மருந்துகளுக்கும் அங்கே கடுமையான கட்டுப்பாடு உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் எந்த மாத்திரையும் எடுத்துப்போகாதீங்க. சீட்டு இருந்தாலும் அந்த நாட்டில் அந்த மருந்துக்கு அனுமதி இருக்கிறதா என்று முன்னாடியே விசாரியுங்கள். "அங்க எங்க பையன் இருக்கான், இந்தப் பொட்டலத்த மட்டும் கொடுத்துடுங்க" என்று வாசலில் யாராவது நீட்டினால், எவ்வளவு பாவமாக இருந்தாலும் வாங்காதீங்க. பெட்டி உங்கள் பெயரில் இருக்கிறது. உள்ளே இருப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியாது என்பதை எந்த நாட்டுப் போலீசும் கேட்காது.

இ.சி.ஆர். என்றால் ரோடு இல்லை

சென்னைக்காரர்களுக்கு இ.சி.ஆர். என்றால் மாமல்லபுரம் போகிற ரோடு. பாஸ்போர்ட்டில் அதே எழுத்துக்களுக்கு அர்த்தம் வேறு: 'வேலைக்காகக் குடிபெயர்வதற்குச் சோதனை தேவை' என்பது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இந்தக் குறிப்பைப் போடுகிறார்கள். குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் சோதனை தேவையில்லை என்று பொருள்.

குறிப்பு இருக்கிறவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால், புறப்படும் முன்பே குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இந்த அலுவலகம் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் வருவது, சென்னையிலும் இருக்கிறது. சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம், ஈராக், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சிங்கப்பூர் இல்லை. அதனால்தான் ஒரே ஊரில் ஒருத்தர் சிங்கப்பூருக்கு இந்தப் பேச்சே இல்லாமல் போய்விடுவார். பக்கத்து வீட்டுக்காரர் மலேசியாவுக்குப் போகும்போது மாட்டிக்கொள்வார். "அவனை விட்டாங்க, என்னை ஏன் விடல?" என்பதற்குப் பதில் இதுதான்.

இந்த அனுமதியை ஒரு தொந்தரவாகத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறியது. அனுமதி வாங்க வேலை ஒப்பந்தம் வேண்டும்: எந்தக் கம்பெனி, என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று எழுத்தில். வேலைக்கான விசா வேண்டும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு வருஷத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். இறந்துபோனால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்கும். நாளைக்கு அங்கே சம்பளம் தராவிட்டால், தூதரகத்திடம் காட்ட உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும். அந்தத் தாள் இல்லாதவர் அங்கே வெறும் சுற்றுலாப் பயணி.

தம்பி விஷயத்தில் நடந்தது இதுதான். ஏஜென்ட் எடுத்துக் கொடுத்தது விசிட் விசா. "அங்க போய் வேலை விசாவா மாத்திக்கலாம், கேட்டா மாமாவைப் பாக்கப் போறேன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். திரும்பி வர டிக்கெட்டும் போட்டிருந்தார். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் உண்மையிலேயே ஊர் சுற்றிப்பார்க்கப் போகிறவருக்கு, திரும்பி வருகிற டிக்கெட்டும் விசாவும் இருந்தால் இந்த அனுமதி தேவையில்லை. அந்தச் சலுகையைத்தான் ஏஜென்ட் குறுக்கு வழியாக்கினார். இமிக்ரேஷன் அதிகாரி கேட்டது நாலே கேள்வி. மாமா பேர் என்ன? எங்கே இருக்கார்? எத்தனை நாள் தங்குவ? என்ன வேலை பாக்கற? நாலாவது கேள்விக்கு இவன் வாயைத் திறக்கும் முன்பே, போனில் கம்பெனி அனுப்பிய வேலைக் கடிதம் இருப்பதைக் காட்டிவிட்டான். காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தானாம். பொய் சொல்லவும் வரவில்லை அவனுக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இதற்கு வழக்கில் இருக்கிற சொல் 'ஆஃப்லோடு'. பெட்டியை விமானத்திலிருந்து இறக்கி, ஆளை வெளியே அனுப்பிவிடுவார்கள். இது கைது இல்லை, தண்டனையும் இல்லை. பயந்து ஒளியவேண்டாம். என்ன காரணம் என்று அங்கேயே பணிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ் தெரிந்த அதிகாரி இருந்தால் பேசவேண்டும் என்றும் கேட்கலாம். அடுத்த வேலை, டிக்கெட் பணத்தில் ஏதாவது திரும்பக் கிடைக்குமா என்று விமான நிறுவனத்திடம் கேட்பது. ஏஜென்ட் "நாளைக்கு வேற ஏர்போர்ட் வழியா அனுப்பறேன்" என்பார். ஒப்புக்கொள்ளாதீங்க. இமிக்ரேஷன் கம்ப்யூட்டர் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

பத்தாவது மார்க்‌ஷீட் எங்கே?

இனி வருகிறதுதான் எனக்கு வயிறெரிந்த இடம். தம்பி பத்தாவது பாஸ். பன்னிரண்டாவதும் பாஸ். பிறகு ஏன் இ.சி.ஆர்.? பாஸ்போர்ட் எடுக்கும்போது ஊரில் ஒரு கடையில் விண்ணப்பம் போட்டிருக்கிறான். போட்டவர் "சர்டிபிகேட்டெல்லாம் வேணாம், ஆதார் போதும், சீக்கிரம் வந்துடும்" என்று சொல்லியிருக்கிறார். மார்க்‌ஷீட் காட்டாததால் அந்தக் குறிப்போடு வந்துவிட்டது. மூன்று வருஷமாக அந்தப் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்திருந்தவன் ஒரு நாளும் அந்த வரியைப் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. அவன் முதன்முதலில் பாஸ்போர்ட் வாங்கியபோது படம் எடுத்து எனக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தான். நான் ஒரு ஹார்ட் போட்டுவிட்டு விட்டுவிட்டேன்.

உங்கள் பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துப் பாருங்க. குறிப்பு இருந்து, நீங்க பத்தாவது தேறியவராக இருந்தால், மதிப்பெண் சான்றிதழோடு மறு வெளியீட்டுக்கு விண்ணப்பித்து அதை நீக்கிக்கொள்ளலாம். 50 வயது கடந்தவர்கள், வருமான வரி கட்டுகிறவர்கள், மூன்று வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவந்தவர்கள் போன்ற வேறு சிலருக்கும் விலக்கு உண்டு. மார்க்‌ஷீட் தொலைந்திருந்தால் முதலில் பள்ளி மூலமாகவோ தேர்வுத் துறை மூலமாகவோ நகல் வாங்குங்கள், அதற்கு நாளாகும். விசா கையில் வந்த பிறகு இந்த வேலையை ஆரம்பித்தால் எட்டாது.

பத்தாவது தேறாதவர்கள் மனசு விடவேண்டாம். அனுமதி வாங்கிப் போகலாம், வருஷாவருஷம் எத்தனையோ பேர் போகிறார்கள். இ-மைக்ரேட் என்ற ஒன்றிய அரசின் இணையதளம் வழியாகத்தான் எல்லாம் நடக்கும். உங்களை அனுப்புவதாகச் சொல்கிற ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அதிலேயே பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். "ஒன்றரை லட்சம் ஆகும், ரசீது கிடையாது" என்று சொல்கிறவரிடம் உங்கள் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீங்க. தமிழ்நாடு அரசின் நிறுவனமும் ஒன்று இருக்கிறது: 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், சென்னை கிண்டியில். விளம்பரம் குறைவு, பெயர் தெரிந்தவர்களும் குறைவு. ஏஜென்டைத் தேடும் முன் அங்கே என்ன வேலைகள் வந்திருக்கின்றன என்று ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

டிகிரி படித்தவர்கள் "இது நமக்கில்லை" என்று தாண்டிப் போகவேண்டாம். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டாலரில் சம்பளம் என்று நம்பிப் போய், அங்கிருந்து மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளில் இணையமோசடிக் கூடங்களில் அடைபட்டவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்கள். மீட்டுக் கொண்டுவரப்பட்டவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. அவர்கள் பாஸ்போர்ட்டில் எந்தக் குறிப்பும் இல்லாததால் இமிக்ரேஷனில் இந்த அனுமதியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உங்களை நிறுத்த ஆள் இல்லை என்றால், விசாரிக்கிற வேலை முழுக்க உங்கள் தலையில் விழுகிறது. சுற்றுலா விசாவில் வேலை என்று யார் சொன்னாலும் ஒரு நாள் பொறுத்து, அயலகத் தமிழர் நலத்துறை உதவி மையத்துக்கு 1800 309 3793 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, ஒன்றிய வெளியுறவு அமைச்சகத்தின் 1800 11 3090 என்ற எண்ணிலோ பேசிக் கேளுங்கள்.

தம்பி மறுபடியும் விண்ணப்பித்து, குறிப்பு இல்லாத பாஸ்போர்ட் வாங்கினான். வேலை விசா வந்து அவன் கிளம்ப எட்டு மாதம் ஆனது. அடகு நகை இன்னும் மீளவில்லை. பழைய ஏஜென்ட் வாங்கிய பணத்தில் கால்வாசிதான் திரும்பி வந்தது, அதுவும் காவல் நிலையத்தில் மனு கொடுத்த பிறகு.

திரும்பி வருகிறபோது

இறங்கியதும் முதலில் இமிக்ரேஷன், பிறகு பெட்டி, கடைசியில் சுங்கம். சுங்கத்தில் பச்சை வழி, சிவப்பு வழி என்று இரண்டு உண்டு. வரி கட்டவேண்டிய பொருள் எதுவும் இல்லாவிட்டால்தான் பச்சை. சந்தேகம் இருந்தால் சிவப்பில் போய்க் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் தண்டம் போடமாட்டார்கள், மறைத்ததற்குப் போடுவார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிற பெண்கள் 40 கிராம், ஆண்கள் 20 கிராம் வரை தங்க நகை வரியில்லாமல் கொண்டுவர விதி இருக்கிறது. அது நகைக்குத்தான், பிஸ்கட், காசு அதில் சேராது. வாங்கிய பில்லைப் பத்திரமாக வச்சுக்கோங்க.

'குருவி' என்ற சொல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்தவர் தங்கத்தைச் சுமந்து வருகிறவருக்கு நம்ம ஊர் வைத்த பெயர். டிக்கெட்டும் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் தருவார்கள். லீவுக்குக் கிளம்புகிற தொழிலாளியிடம் ரூம்மேட் ஒருத்தர் "இந்த அயர்ன் பாக்ஸை மட்டும் எடுத்துட்டுப் போ, சென்னையில ஆள் வந்து வாங்கிக்குவான்" என்று சொல்வதும் அதேதான். மாட்டினால் அயர்ன் பாக்ஸ் கொடுத்தவர் பெயர் எங்கேயும் வராது. பாஸ்போர்ட் யாருடையதோ வழக்கும் அவருடையதுதான்.

மீனம்பாக்கம் கார்கோ

இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் விசாரித்தபோது ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இதைத்தான் சொன்னார்கள்: "அன்னைக்கு எங்களுக்கு எங்க போறதுன்னே தெரியல."

வெளிநாட்டில் வேலைக்குப் போனவர் அங்கேயே இறந்துவிட்டால், உடல் வரும் தகவல் கிடைத்ததும் குடும்பத்தினர் வேன் பிடித்து, ராத்திரியோடு ராத்திரியாக வந்து, வருகைப் பகுதி வாசலில் நிற்பார்கள். போகும்போது அங்கே நின்றுதான் வழியனுப்பினார்கள். லீவில் வந்தபோது அங்கேதான் கட்டிப்பிடித்தார்கள். ஆனால் உடல் அந்த வாசல் வழியாக வராது. சரக்கு விமானப் பிரிவு வழியாக வரும். சென்னையில் அது பழைய மீனம்பாக்கம் பக்கம் இருக்கிற கார்கோ வளாகம்.

கையில் இருக்கவேண்டியவை: அந்த நாட்டின் இறப்புச் சான்றிதழ், உடலைப் பதப்படுத்தியதற்கான சான்று, அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று, ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட்டின் நகல், விமான நிறுவனம் தந்த சரக்குச் சீட்டின் நகல், வாங்கிக்கொள்ள வருகிறவரின் அடையாள அட்டை. இறப்புச் சான்று அரபியில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் கேட்டு வாங்குங்கள். விமான நிலையச் சுகாதார அதிகாரியின் அனுமதிக்காக 2023-ல் இ-கேர் என்ற இணையதளத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. அங்கிருந்து அனுப்புகிற கம்பெனியோ விமான நிறுவனமோ அதில் பதிவு செய்துவிட்டார்களா என்று உடல் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் வெளியே மணிக்கணக்கில் நிற்கும்.

தூதரகத்தோடு பேசி உடலைக் கொண்டுவருவது, அங்கே நிலுவையில் இருக்கும் சம்பளத்தைக் கேட்டு வாங்குவது ஆகியவற்றுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகவோ நேரடியாகவோ அயலகத் தமிழர் நலத்துறையிடம் மனு கொடுக்கலாம். சென்னையிலிருந்து சொந்த ஊருக்கு எடுத்துச்செல்ல வண்டி ஏற்பாடு வேண்டும் என்பதையும் அதே மனுவில் எழுதிவிடுங்கள். வாடகை வண்டிக்குப் புதுக்கோட்டை, ராமநாதபுரம் வரை ஆகிற செலவு அந்த வேளையில் எந்தக் குடும்பத்தாலும் புரட்ட முடியாதது.

மனுவில் இறந்தவரின் பாஸ்போர்ட் எண், வேலை பார்த்த கம்பெனியின் பெயர், அங்கே கூட இருந்த ஒருவரின் போன் நம்பர் மூன்றும் கட்டாயம் வேண்டும். ஆகவே வீட்டில் யாராவது வெளிநாடு கிளம்பும்போது, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அபசகுனம் என்று பெரியவர்கள் திட்டுவார்கள். எங்கள் பெரியம்மாவும் திட்டினார். பிறகு அவரே தம்பியின் கம்பெனி பேரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டார்.

வண்டி ஓட்டுகிறவரிடம் "ஏர்போர்ட் போங்க" என்று மட்டும் சொல்லாதீங்க. "மீனம்பாக்கம் கார்கோ" என்று சொல்லுங்கள்.